தொழிற்கல்வி யார் பிள்ளைக்கு?

கடந்த வாரம் தில்லியில் ஒரு கருத்தரங்கு. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு உற்பத்தித் துறைத் தொழிற்பயிற்சி அளிப்பதே பேசுபொருள். உரையாற்றியவர்களுள் ஒருவர், "கடைசல் எந்திரம் இயக்கப் போகும் பையனுக்கு முக்கோணவியல் எதற்கு? கணக்கில் தோற்று வெறுங்கையோடு வீட்டுக்குப் போவதைவிட, ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு போகட்டுமே" என்றார். அரங்கம் கைதட்டியது. கைதட்டியவர்களில் பெரும்பாலோர் பேராசிரியர்கள். எஞ்சியவர்கள் என்னைப் போன்ற ஆய்வு மாணவர்கள். எழுந்து மறுக்கும் துணிவு எனக்கு அன்று வரவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். பதிவு நீளம், பொறுத்தருள்க.

அவர் கேட்ட கேள்விக்கே முதலில் விடை சொல்லிவிடலாம். கடைசல் எந்திரத்தில் ஓர் இரும்புத் தண்டைக் கூம்பாகக் கடைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முனையின் விட்டம் 40 மில்லிமீட்டர், மறுமுனையின் விட்டம் 30 மில்லிமீட்டர், கூம்பின் நீளம் 100 மில்லிமீட்டர். வெட்டுளியைத் தாங்கும் காம்பவுண்ட் ஸ்லைடை எத்தனை பாகை திருப்பி வைப்பது? இரு விட்டங்களின் வேறுபாட்டை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் 0.05 வரும். 0.05 என்பது எந்தக் கோணத்தின் டேன்ஜென்ட்? ஏறத்தாழ 2 பாகை 52 நிமிடம். பத்தாம் வகுப்புக் கணித நூலில் இருக்கும் முக்கோணவியல்தான் இது. தண்டை எந்த வேகத்தில் சுழற்றுவது என்பதற்கும் கணக்கு வேண்டும். 25 மி.மீ. விட்டமுள்ள மென்னெஃகை நிமிடத்துக்கு 30 மீட்டர் வெட்டுவேகத்தில் கடைவதென்றால், வட்டத்தின் சுற்றளவைக் கொண்டு கணக்கிட்டு நிமிடத்துக்குச் சுமார் 380 சுற்று என்று வைக்க வேண்டும். வேகம் மிகுந்தால் உளியின் முனை கருகும். குறைந்தால் வேலை தேங்கும்.

இந்தக் கணக்கு தெரியாதவரும் எந்திரத்தை இயக்கலாம், உண்மைதான். ஆனால் அவருக்காக வேறொருவர் கோணத்தைத் திருப்பி, வேகத்தைக் குறித்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கணினிவழி இயங்கும் சி.என்.சி. எந்திரக் கூடங்களில் இந்த வேறுபாட்டுக்குப் பெயரே உண்டு. எந்திரத்தை வேலைக்கு ஆயத்தப்படுத்துபவர் செட்டர். பொருளை ஏற்றி, பொத்தானை அழுத்தி, பொருளை இறக்குபவர் ஆபரேட்டர். இருவருக்கும் ஊதியம் வேறு, மரியாதை வேறு. ஆள்குறைப்பு வரும்போது வேலையில் நீடிக்கும் வாய்ப்பும் வேறு. இவர்களுக்கு இடையே நிற்கும் சுவர் பெரும்பாலும் அந்த முக்கோணவியல்தான். எனவே "கடைசல்காரனுக்கு முக்கோணவியல் எதற்கு" என்று கேட்பவர் அந்தப் பையனை வாழ்நாள் முழுவதும் ஆபரேட்டராகவே இருக்கச் சொல்கிறார். அதை இரக்கத்தின் மொழியில் சொல்வதால்தான் நமக்குக் கைதட்டத் தோன்றுகிறது.

பள்ளியில் தொழில் கற்பிப்பதை நான் எதிர்க்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் உலோகத்தையும் மரத்தையும் தொட்டு வளர வேண்டும் என்பதே என் விருப்பம். தொழில் என்னும் பெயரில் இன்று நம் பள்ளிகளில் எது கற்பிக்கப்படுகிறது, அது யார் பிள்ளைக்குக் கற்பிக்கப்படுகிறது என்பதே என் கேள்வி.

சென்ற ஆண்டு, பட்டறைத் தொழிலாளர்களின் கருவிப் பெயர்களைத் தொகுக்கும் வேலையாகத் தில்லியை ஒட்டிய ஒரு தொழில்நகரத்தில் சில வாரங்கள் அலைந்தேன். அங்கிருந்த ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வாகனப் பழுதுநீக்கத் தொழிற்பாடம் நடந்துவந்தது. ஆய்வகம் பூட்டிக் கிடந்தது. திறக்கச் சொல்லிப் பார்த்தேன். ஒரு பழைய எஞ்சினை வெட்டிக் காட்டும் மாதிரி, சுவரில் படங்கள், உறை பிரிக்கப்படாத ஸ்பானர் தொகுதி ஒன்று. கருவி தொலைந்தால் தம் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்றார் பயிற்றுநர். அவரும் பள்ளியின் ஊழியர் அல்லர்; ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை என்றார். பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவனிடம், "இரண்டு ஆண்டாக இந்தப் பாடம் படிக்கிறாயே, என்ன கழற்றி மாட்டினாய்?" என்று கேட்டேன். "பரீட்சை அன்றைக்கு ஒரு சக்கரம்" என்றான். பள்ளியிலிருந்து நடந்து போகும் தொலைவில், அவன் வயதையொத்த பையன்கள் சாலையோரப் பட்டறைகளில் நாள்தோறும் எஞ்சின்களைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் சான்றிதழ் இல்லை. இவனிடம் தொழில் இல்லை.

ஒரு பள்ளியை வைத்து நாட்டை அளக்காதே என்பீர்கள். சரி, நாட்டின் கணக்கையே பார்ப்போம். 1882இல் ஹண்டர் ஆணையம் உயர்நிலைப் பள்ளியை இரண்டாகப் பிரிக்கச் சொன்னது: பல்கலைக்கழகத்துக்குச் செல்வோருக்கு ஒரு வழி, நடைமுறைத் தொழில்களுக்குச் செல்வோருக்கு இன்னொரு வழி. 1952–53இல் லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்வி ஆணையம் பலநோக்குப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. 1964–66இல் கோத்தாரி ஆணையம், பத்தாம் வகுப்புக்கு மேல் பயில்வோரில் பாதிப் பேர் தொழிற்படிப்புகளுக்குச் செல்லும் நிலையை 1986க்குள் எட்ட வேண்டும் என்றது. அந்த 1986 வந்தபோது வெளியான தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் 1990க்குள் 10 விழுக்காடு, 1995க்குள் 25 விழுக்காடு என்று இலக்கைக் குறைத்துக்கொண்டது. 1992இல் அந்தக் காலக்கெடுவும் 1995, 2000 எனத் தள்ளிப்போனது. 2020ஆம் ஆண்டின் கல்விக் கொள்கையோ, 2025க்குள் குறைந்தது 50 விழுக்காட்டு மாணவர்களுக்குத் தொழிற்கல்வி அறிமுகம் என்று எழுதியது. கோத்தாரி சொன்னது சேர்க்கை. 2020 சொல்வது அறிமுகம். இலக்கை எட்ட முடியாதபோது சொல்லை மாற்றிவிட்டார்கள். மொழியியல் மாணவனாக இந்த நுட்பத்தை நான் வியக்கவே வேண்டும்.

ஏன் ஒவ்வொரு முறையும் தோற்றது? பெற்றோருக்கு உடலுழைப்பின்மீது இளக்காரம் என்பது நம் கல்வியாளர்கள் வழக்கமாகச் சொல்லும் விடை. 2020 கொள்கையும் தொழிற்கல்வியைச் சூழ்ந்துள்ள சமூகத் தகுதிப் படிநிலையைப் பற்றிப் பேசுகிறது. பழியைப் பெற்றோரின் மனத்தில் போடுவது எளிது. கட்டட வேலைக்குச் செல்லும் தாய் தன் மகனைத் தொழிற்பிரிவில் சேர்க்கத் தயங்குவது உழைப்பை இழிவாக நினைப்பதாலா? உழைப்பின் விலை என்னவென்று அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அமைப்புசார் தொழிற்சாலைகளின் தொழிலாளர்களில் ஏறத்தாழ ஐவரில் இருவர் ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்று அரசின் ஆண்டுத் தொழிற்சாலை ஆய்வே காட்டுகிறது. அந்த வாயிலுக்குத்தான் இந்தப் பாதை போகிறது என்பதை அவர் அறிவார். அவருடைய தயக்கம் அனுபவத்திலிருந்து பிறந்த கணிப்பு.

தமிழர்களுக்கு இந்த ஐயம் இன்னும் ஆழமானது. 1953இல் ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளியின் பாடநேரத்தைச் சுருக்கி, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றது. அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்த கிளர்ச்சியும், 1954இல் காமராசர் முதல்வரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டதும் நம் வீடுகளில் இன்றும் பேசப்படும் செய்திகள். இன்றைய திட்டத்தில் அப்பன் தொழில் என்ற பேச்சு இல்லை. அந்த இடத்தில் மாவட்டத்தின் தொழில்தேவை வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆனால் எந்தப் பள்ளியில், யார் பிள்ளை, எந்தப் பாடம் என்று பார்த்தால் பழைய வரைபடத்தின் கோடுகள் தெரிகின்றன.

சி.பி.எஸ்.இ.யின் திறன்பாடப் பட்டியலைப் பாருங்கள். வாகனவியல், ஆடைத் தயாரிப்பு, அழகுக்கலை ஆகியவை இருக்கும் அதே பட்டியலில் செயற்கை நுண்ணறிவும் இருக்கிறது. நான் விசாரித்த தனியார் பள்ளிகள் செயற்கை நுண்ணறிவையும் தகவல் தொழில்நுட்பத்தையும் தேர்ந்திருந்தன. அரசுப் பள்ளிகளில் ஆண்களுக்கு வாகனம், பெண்களுக்கு அழகுக்கலையும் தையலும். திறன் என்னும் ஒரே சொல், ஒரு பிள்ளையைக் கணினிக்கு முன்னும் இன்னொரு பிள்ளையைச் சக்கரத்துக்கு அடியிலும் அனுப்புகிறது. இரண்டையும் கூட்டித்தான் "இத்தனை இலட்சம் மாணவர்கள் திறன்பாடம் படிக்கிறார்கள்" என்று அறிக்கை வருகிறது.

இதைவிடக் கொடிய ஒரு விதி இருக்கிறது. நம்மில் பலர் அதைச் சலுகை என்று நினைக்கிறோம். பத்தாம் வகுப்பில் திறன்பாடத்தை ஆறாவது பாடமாக எடுத்த மாணவர் கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகியவற்றுள் ஒன்றில் தோற்றால், அந்தப் பாடத்தின் இடத்தில் திறன்பாட மதிப்பெண் வைக்கப்பட்டுத் தேர்ச்சி கணக்கிடப்படும். ஓராண்டு வீணாகாமல் காப்பாற்றுகிறார்களே என்று தோன்றும். அந்தச் சலுகை என்ன சொல்கிறது? கணிதம் வராதவனுக்கான இடம் தொழில் என்கிறது. கணிதத்தைக் கற்பிக்கத் தவறிய பள்ளியின் குற்றத்தை அழித்துவிட்டு, அதன் விலையை மாணவன் தலையில் எழுதுகிறது. தேர்ச்சி பெற்ற அந்த மாணவனுக்குப் பதினோராம் வகுப்பில் கணிதம் எடுத்துப் பொறியியல் பக்கம் நகரும் வழி நடைமுறையில் அடைபட்டுவிடுகிறது. அவனைப் போலவே கணிதத்தில் தடுமாறும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தனிப்பயிற்சி கிடைக்கிறது. இவனுக்கு மாற்றுப் பாடம் கிடைக்கிறது.

2020 கொள்கை ஓர் ஒப்பீட்டை முன்வைக்கிறது. 19 முதல் 24 வயது வரையிலான இந்தியத் தொழிலாளர்களில் முறையான தொழிற்கல்வி பெற்றோர் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. அமெரிக்காவில் 52, ஜெர்மனியில் 75, தென்கொரியாவில் 96. பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்திலிருந்து எடுத்த இந்த எண்கள் எல்லாக் கருத்தரங்கிலும் திரையில் தோன்றுகின்றன. ஜெர்மனியின் 75 எப்படி வந்தது என்பதை மட்டும் யாரும் விளக்குவதில்லை. அங்கே தொழிற்சாலை எந்திரவியலாளர் ஆகப் பயிற்சிக்காலம் மூன்றரை ஆண்டு. பயிற்சியாளருக்கு நிறுவனத்தோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் உண்டு. மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளியில் கணக்கும் வரைபடமும் மொழியும் உண்டு. பாடத்திட்டம் வகுக்கும் மேசையில் தொழிற்சங்கம் உட்காரும். அங்கும் குறை இல்லாமலில்லை. பெரும்பாலான மாநிலங்களில் பத்து வயதிலேயே பிள்ளைகளைத் தரம் பிரிக்கிறார்கள். குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் கீழ்த்தட்டுப் பள்ளிகளில் குவிந்தார்கள் என்று அவர்களே நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். நாம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது தரம்பிரிப்பை. விட்டுவிட்டது ஒப்பந்தத்தையும் ஊதியத்தையும் சங்கத்தையும்.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் 14 வயது நிரம்பியவரைப் பழகுநராக ஏற்கிறது. இடர்மிக்க தொழில்களுக்கு மட்டும் 18 என்று 2014இல் திருத்தம் வந்தது. அச்சட்டத்தின் 18ஆம் பிரிவு, பழகுநர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளர் அல்லர் என்றும், தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா என்றும் கூறுகிறது. எட்டு மணிநேரம் எந்திரத்தின் முன் நிற்பவரைத் தொழிலாளர் அல்லர் என்று ஒரு வாக்கியம் ஆக்கிவிடுகிறது. 2019இல் திருத்தப்பட்ட விதிகள் பத்தாம் வகுப்பு முடித்த பழகுநருக்குக் குறைந்தபட்சமாக நிர்ணயித்தது மாதம் 6,000 ரூபாய். இதே நாட்டில், 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 23ஆம் பிரிவில், ஆபத்தான எந்திரத்தில் இளையோரை நிறுத்துமுன் அதன் அபாயங்களை முழுமையாக விளக்கியிருக்க வேண்டும், போதிய பயிற்சியோ அனுபவமுள்ளவரின் மேற்பார்வையோ இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தது. பூட்டிய ஆய்வகத்தில் இரண்டு ஆண்டு படித்த பையனுக்கு எந்த அபாயம் விளக்கப்பட்டிருக்கும்? பவர் பிரஸ்ஸில் விரலை இழந்த இளைஞர்களை அந்த நகரத்தின் தேநீர்க் கடைகளில் பார்த்தேன். அவர்களுடைய கைகளைப் பார்த்தபடி "திறன்" என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

என் துறை சார்ந்தும் ஒன்று சொல்ல வேண்டும். அப்பட்டறைகளில் கடைசல் எந்திரத்துக்கு "கராத்" என்று பெயர், கடைபவர் "கராதி". திருகாணியின் மரையைச் "சூடி" என்கிறார்கள். இந்தியில் வளையலுக்கும் அதுவே சொல். மூலமட்டம் "குனியா", அரம் "ரேத்தி". தலைமுறைகளாகக் கைமாறிவந்த சொற்கள் இவை. ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் ஒரு செயல்முறையும் ஓர் எச்சரிக்கையும் இருக்கின்றன. அந்தப் பள்ளி மாணவர்கள் காட்டிய பாடநூலில் இவற்றில் ஒன்றும் இல்லை. நாகரி எழுத்தில் ஆங்கிலம் கொஞ்சம், 1961இல் அமைந்த அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையத்தின் வழிவந்த சமஸ்கிருத ஆக்கம் கொஞ்சம். பட்டறை வீட்டிலிருந்து வரும் பிள்ளை, தன் தந்தை நாள்தோறும் பேசும் தொழிலைப் பள்ளியில் அயல்மொழியாகப் படித்துத் தோற்கிறது. கராதியின் மகனுக்கே கராத் புரியாதபடி எழுதப்பட்ட நூலைத்தான் தொழிற்கல்வி என்கிறோம். தமிழிலும் கடைசல், மரை, அரம், மூலமட்டம் என்று உயிரோடுள்ள சொற்களைப் பாடநூல் எழுதுவோர் எத்தனை முறை தேடிப் போயிருக்கிறார்கள் என்று நம்மையும் கேட்டுக்கொள்ளலாம்.

இனி, வரப்போகும் மறுப்புகள். "பட்டம் பெற்றவர்களே வேலையின்றித் திரிகிறார்களே?" ஆம், திரிகிறார்கள். பட்டதாரிக்கு வேலை இல்லை என்பதற்கான தீர்வு வேலைகளை உருவாக்குவது. ஏழைப் பிள்ளையைப் பட்டத்துக்கு முன்பே நிறுத்திவிடுவது ஆகாது. "எல்லோரும் முனைவராக முடியுமா?" முடியாது, வேண்டியதும் இல்லை. ஆனால் யார் ஆகமாட்டார் என்பதைப் பதினான்கு வயதில், பள்ளியின் முகவரியை வைத்து முடிவு செய்யும் உரிமை யாருக்கும் இல்லை. "காந்தியே கைத்தொழிலை வலியுறுத்தினாரே?" 1937இல் வார்தாவில் பேசப்பட்ட ஆதாரக் கல்வி, கைத்தொழிலை எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வியின் ஊடகமாக்க விரும்பியது. நூற்பின் வழியே கணக்கும் புவியியலும் வர வேண்டும் என்றது. அதன்மீது எனக்கு வேறு விமரிசனங்கள் உண்டு. எனினும் கணிதத்துக்கு மாற்றாக இராட்டையை அது வைக்கவில்லை.

என்ன வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று: ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் பட்டறைப் பாடம் எல்லாப் பள்ளிகளிலும், கட்டணம் வாங்கும் பள்ளிகள் உட்பட, எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்க வேண்டும். இயற்பியல் ஆய்வகத்தில் வெர்னியர் அளவியால் ஒரு பயனும் இல்லாமல் உருளையை அளக்கும் மாணவியும், தொழிற்பிரிவில் அளவியின் கணக்குப் புரியாமல் அளக்கும் மாணவனும் ஒரே மேசையில் நிற்கட்டும்.

இரண்டு: திறன்பாடம் கணிதத்துக்கோ அறிவியலுக்கோ மாற்றாகக் கூடாது. தோற்ற பிள்ளைக்குத் தேவை நல்ல ஆசிரியர்.

மூன்று: பயிற்றுநர்கள் பள்ளியின் நிரந்தர ஊழியர்களாக வேண்டும். 2024இல் ஹிமாசலப் பிரதேசத்தின் தொழிற்கல்வி ஆசிரியர்கள் சிம்லாவில் அமர்ந்து போராடியது, தங்களுக்கும் அரசுக்கும் இடையே நிற்கும் நிறுவனங்களை நீக்கக் கோரித்தான். ஒப்பந்தத்தில் வாடும் ஆசிரியர் எந்த நல்வாழ்வுக்கு மாணவனை ஆயத்தம் செய்வார்?

நான்கு: பதினெட்டு வயதுக்கு முன் பயிற்சி என்ற பெயரில் உற்பத்தி வரிசையில் நிறுத்தக் கூடாது. அதன்பின் உழைப்பவரைத் தொழிலாளர் என்று சட்டம் அழைக்க வேண்டும்.

ஐந்து: பாடநூல்களை எழுதும் குழுக்களில் பட்டறைக்காரர்கள் உட்கார வேண்டும். மொழியியலாளர்கள் அவர்களுக்குப் பக்கத்தில் குறிப்பேட்டோடு உட்காரலாம்.

கடைசியாக, நம்மைப் பற்றி. திறன் இடைவெளி என்று கட்டுரை எழுதி, திறன் மேம்பாடு என்று நிதி வாங்கி, திறன் இந்தியா என்று கருத்தரங்கு நடத்துபவர்கள் நாம்தான். நம் வளாகங்களில் பணியாற்றும் தச்சரையோ எந்திரக் கம்மியரையோ அந்த மேடைகளில் ஒருமுறையேனும் ஏற்றியிருக்கிறோமா? நம் பிள்ளைகளில் எவரையேனும் வாகனப் பழுதுநீக்கத் தொழிற்பாடத்தில் சேர்த்திருக்கிறோமா? சேர்க்கவில்லை என்றால், மற்றவர் பிள்ளைக்கு அது போதும் என்று சொல்லும் தகுதி நமக்கு இல்லை. அந்தக் கருத்தரங்கின் அடுத்த அமர்வு அடுத்த மாதம் நடக்கிறது. இம்முறை கேள்வி நேரத்தில் எழுந்து நின்று, 2 பாகை 52 நிமிடம் எங்கிருந்து வருகிறது என்று மேடையில் இருப்பவரைக் கேட்கப் போகிறேன்.